பழைய பெட்டியும் புதிய கம்ப்யூட்டரும்: ஒரு கடைக்காரத் தாத்தாவைத் தேடி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் படம் பார்க்கிறார்கள், பாட்டு கேட்கிறார்கள். பேரப் பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். இரண்டாவது மாதத்தில் "இதை வைத்து வேறு என்னதான் செய்வது?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. இதற்கு நான் கண்ட பதில் ஒன்றை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய காகிதங்களைக் கொண்டு, நீங்கள் பார்த்தே இராத ஒரு முன்னோரின் வாழ்க்கையைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கலாம். பெரிய சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்கேனர், எக்ஸெல் போன்ற ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம், கொஞ்சம் பொறுமை ஆகிய மூன்றும் போதும்.

எங்கள் சொந்த ஊர் விழுப்புரத்தை அடுத்த கெடார். என் கொள்ளுத் தாத்தாவின் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். வீட்டில் அவரைக் "கடைக்காரத் தாத்தா" என்றுதான் சொல்வோம். உப்பு, புளி, மிளகாய், புகையிலை, விளக்கெண்ணெய் விற்றவர். அவருக்கு ஒரு தம்பி. பஞ்சம் முடிந்த கையோடு தம்பி கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார், அதனால்தான் கடை கடனில் விழுந்தது என்பது எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை. தம்பியின் வாரிசுகள் திண்டிவனத்தில் இருக்கிறார்கள். பங்காளிகள்தான். ஆனால் கல்யாணத்துக்கு அழைப்பது இல்லை. சாவுக்கும் போவது இல்லை. அவர்கள் வீட்டில் சொல்லும் கதை வேறு. அண்ணன்தான் தம்பியை வீட்டை விட்டு விரட்டினாராம்.

பணி ஓய்வு பெற்ற பின் என் மகள் ஒரு கம்ப்யூட்டரும், ஸ்கேனருடன் கூடிய பிரிண்டரும் வாங்கிக் கொடுத்தாள். அப்போதுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தவை: இரண்டு பேரேடுகள், ஒரு சிட்டை, ஒரு அடமானப் பத்திரம், ஒரு தபால் கார்டு, சில ஓலைகள். பாதிக் காகிதங்களில் இராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருந்தது.

ஸ்கேன் செய்திடும்போது

பழைய காகிதத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் உதிர்கிறது. எனவே முதல் வேலை ஸ்கேன் செய்வதுதான். படிப்பதெல்லாம் பிறகு, திரையில். கவனிக்க வேண்டியவை:

1. பேப்பரைத் தானாக இழுத்துக்கொள்ளும் பீடர் உள்ள ஸ்கேனரில் பழைய காகிதத்தை விடவே கூடாது. கண்ணாடி மேல் வைத்து எடுக்கும் வகையைப் பயன்படுத்தவும்.

2. ரெசல்யூஷன் 300 டி.பி.ஐ. என்றால் எழுத்துக்குப் போதும். தபால் முத்திரை, ஸ்டாம்ப், மங்கிய கையெழுத்து ஆகியவற்றுக்கு 600 டி.பி.ஐ. வைக்கவும்.

3. கருப்பு வெள்ளையில் எடுக்க வேண்டாம். கலரில் எடுத்தால்தான் எழுத்து எது, கறை எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

4. மூலப் பிரதியை டிப் அல்லது பி.என்.ஜி. பார்மட்டில் சேவ் செய்திடவும். ஜேபெக் பார்மட் ஒவ்வொரு முறை திருத்தி சேவ் செய்திடும்போதும் கொஞ்சம் தரம் இழக்கும். உறவினருக்கு அனுப்ப மட்டும் ஜேபெக்கில் ஒரு காப்பி எடுக்கலாம்.

5. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள். இரண்டுமே பின்னாளில் காகிதத்தைக் கெடுக்கும்.

6. காகிதத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்திடவும். பதிவு அலுவலகக் குறிப்பு, வட்டிக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும்.

ஸ்கேனர் இல்லையா? மொபைல் போன் கேமரா போதும். பிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், காகிதத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள்.

பைலுக்குப் பெயர் சூட்டுதல்

ஸ்கேனர் தானாகத் தரும் பெயர்களை அப்படியே விட்டால் ஐம்பது பைல்களுக்குப் பிறகு எது எது என்றே தெரியாது. பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு ஆவண வகை, கடைசியில் அது யார் வீட்டுக் காகிதம் என்று வைத்துக் கொள்ளுங்கள். உதாரணமாக "1878-02-அடமானம்-கெடார்" என்று கொடுக்கலாம். பைல் பெயரைத் தமிழிலேயே டைப் செய்திடலாம். ஆண்டு முதலில் இருப்பதால் போல்டரைத் திறந்தவுடன் ஆவணங்கள் தாமே தேதி வரிசையில் நிற்கும்.

ஆனால் அந்த ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான் முதல் சிக்கல்.

அறுபது வருடக் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைக்காரர் ஆங்கில ஆண்டு எழுத மாட்டார். தாது வருஷம் ஆவணி மாதம் என்றுதான் எழுதுவார். தமிழ் வருடப் பெயர்கள் 60. பிரபவ முதல் அட்சய வரை சென்று, மீண்டும் பிரபவவில் தொடங்கும். எனவே ஒரே பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை வரும். பஞ்சாங்கத்தில் இந்த அறுபது பெயர்களும் வரிசையாக இருக்கும்.

மாற்றும் வழி எளிது. வருடத்தின் வரிசை எண்ணுடன் 1866-ஐக் கூட்டுங்கள். தாது பத்தாவது வருடம். 10-உடன் 1866-ஐக் கூட்டினால் 1876. அந்த ஆண்டு ஏப்ரலில் தாது பிறந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் "தாது வருஷப் பஞ்சம்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். அவற்றுக்கு மட்டும் 1867-ஐக் கூட்ட வேண்டும். மார்கழியின் பிற்பாதியும் ஜனவரியில்தான் வரும்; தேதி தெரிந்தால் கவனிக்கவும்.

இதை எக்ஸெல்லில் செய்திட, ஒரு நெடுவரிசையில் வரிசை எண்ணை டைப் செய்திடவும். பக்கத்து செல்லில் சமக்குறி இட்டு, வரிசை எண் உள்ள செல்லைக் கிளிக் செய்து, கூட்டல் குறியும் 1866-ம் அடித்து என்டர் தட்டவும். அந்த செல்லின் கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் மற்ற வரிகளுக்கும் கணக்கு தானாக வந்துவிடும்.

ஒரு பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்றால், எந்தச் சுற்று என்று எப்படி அறிவது? காகிதமே சொல்லும். எங்கள் பெட்டியில் இருந்த தபால் கார்டில் பார்த்திப வருஷம் மார்கழி என்று எழுதியிருந்தது. பார்த்திப 19-வது வருடம். எனவே அது 1825, 1885, 1945 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் தபால் கார்டு 1879 ஜூலை 1 அன்றுதான் அறிமுகமானது. விலை கால் அணா. எனவே 1825 இல்லை. கார்டில் அச்சிட்டிருந்த தலை விக்டோரியா ராணியுடையது. அவர் 1901-ல் இறந்துவிட்டார். எனவே 1945-ம் இல்லை. மிஞ்சியது 1885. அந்த இடத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பார்த்தபோது முத்திரையில் 85 என்ற எண் தெரிந்தது.

பெட்டியில் பழைய நாணயம் கிடந்தால் அதுவும் உதவும். 1862 முதல் 1876 வரை ஆண்டிட்ட நாணயங்களில் விக்டோரியாவின் பெயருடன் "குயீன்" என்று இருக்கும். 1877 முதல் "எம்ப்ரஸ்" என்று இருக்கும்.

எக்ஸெல்லின் ஒரு குறை

எக்ஸெல் தேதிக் கணக்கு 1900 ஜனவரி 1-ல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை டைப் செய்தால் அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். தேதிவாரியாக வரிசைப்படுத்தச் சொன்னால் தாறுமாறாக அடுக்கும். எனவே ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் எண்ணாகப் போடுங்கள். பிறகு டேட்டா மெனுவில் சார்ட் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஆண்டு, அடுத்து மாதம், அடுத்து நாள் எனக் கொடுத்தால் சரியாக அடுக்கிவிடும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் 1900-க்கு முந்தைய தேதிகளை நேரடியாகவே கொடுக்கலாம்.

நான் வைத்துக்கொண்ட நெடுவரிசைகள்: தமிழ் வருடம், மாதம், ஆங்கில ஆண்டு, ஆவண வகை, யார் யாருக்கு எழுதியது, தொகை, காகிதம் இருக்கும் வீடு, பைல் பெயர். கடைசிக்கு முந்தைய நெடுவரிசை எவ்வளவு முக்கியம் என்பது பிறகுதான் புரிந்தது.

பேரேட்டைப் படித்தல்

பேரேட்டைத் திறந்தால் ஏதோ மந்திரம் எழுதியது போல இருக்கும். பயப்பட வேண்டாம். பத்துப் பதினைந்து குறிகள்தான். ௵ என்றால் வருடம். ௴ மாதம். ௳ நாள். ௶ பற்று. ௷ வரவு. ௸ மேற்படி. ௹ ரூபாய். இவை எல்லாம் யூனிகோடில் 2003-ம் ஆண்டிலேயே இடம் பெற்றுவிட்டன. விண்டோஸில் கேரக்டர் மேப் புரோகிராமைத் திறந்து, தமிழ் எழுத்து உள்ள ஒரு பாண்டைத் தேர்ந்தெடுத்தால் கடைசியில் இவற்றைக் காணலாம். கிளிக் செய்து காப்பி எடுத்து ஒட்டிக் கொள்ளலாம்.

எண்களும் தமிழ் எண்கள். ௲ என்றால் ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. எனவே ௲௮௱௭௰௮ என்று இருந்தால் 1878. இப்போதைய முறை போல இடமதிப்பு வைத்து எழுதாமல், ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, எட்டு என்று வாயால் சொல்வதையே எழுதியிருக்கிறார்கள்.

மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கான குறிகள் நெடுங்காலம் கம்ப்யூட்டரில் கிடையாது. 2019-ல் வந்த யூனிகோட் 12 பதிப்பில், இவற்றையும் சேர்த்து 51 தமிழ்க் குறிகள் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. கூகுள் தரும் இலவச பாண்ட் "நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்" நிறுவினால் இவை திரையில் தெரியும். முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. காணி 80-ல் ஒரு பங்கு. மா 20-ல் ஒரு பங்கு.

பணக் கணக்கு ரூபாய், அணா, பைசா. அந்தப் பைசா 1957-ல் வந்த நயா பைசா அல்ல. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பைசா, ஆக ரூபாய்க்கு 192 பைசா. மூன்றையும் மூன்று நெடுவரிசையில் போட்டு, அணாவை 16-ஆலும் பைசாவை 192-ஆலும் வகுத்து ரூபாயுடன் கூட்டச் சொல்லி பார்முலா அமைத்தால், நூறு வரிக் கணக்கையும் ஒரு நொடியில் கூட்டித் தரும். எடைக்கு வீசை என்று இருந்தால் அது 40 பலம். இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ.

இப்படி இரண்டு பேரேடுகளையும் வரி வரியாக டைப் செய்தேன். தினம் ஒரு மணி நேரம், மூன்று மாதம் ஆனது. தாது வருஷம் ஆவணி வரை ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பற்று, ஒரு வரவு என்று கணக்கு ஓடுகிறது. அறுவடைக்குப் பின் தானியமாகவும் மல்லாட்டையாகவும் வரவு வைத்திருக்கிறார். ஆவணிக்குப் பின் பற்று மட்டும்தான். தாது, ஈசுவர இரண்டு வருடமும் சேர்த்துக் கூட்டினால் பற்று 200 ரூபாய்க்கு மேல். வரவு 20 ரூபாய் கூட இல்லை. வாங்கியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைக்க இடம் இல்லை. மழை பெய்யவில்லை, விளையவில்லை, கொடுக்கவில்லை. கடைக்காரர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடமானப் பத்திரம் ஈசுவர வருஷம் மாசி. அதாவது 1878. கடைக்கு வாங்கிய சரக்குப் பாக்கிக்காக, கடையும் வீடும் 150 ரூபாய்க்கு அடமானம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்வது அப்போதே கட்டாயம். எனவே பின்பக்கத்தில் பதிவு அலுவலகக் குறிப்பு ஆங்கிலத் தேதியுடன் இருந்தது. நான் போட்ட தமிழ் வருடக் கணக்கைச் சரிபார்க்க இது உதவியது.

அடுத்து சிட்டை. அதில் இரண்டு பேரின் கையெழுத்து மாறி மாறி வருகிறது. ஒன்று பத்திரத்தில் உள்ள அண்ணனின் கை. மற்றொன்று யாருடையது? தபால் கார்டு படத்தை ஒரு விண்டோவிலும் சிட்டைப் பக்கத்தை மற்றொன்றிலும் திறந்து, பக்கத்தில் பக்கம் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ழகரமும் ணகரமும் அச்சு அசல் ஒன்று. கார்டு தம்பி புதுச்சேரியிலிருந்து எழுதியது. எனவே சிட்டையின் இரண்டாவது கை தம்பியுடையது. அந்தக் கை வெகுதானிய வருஷம் ஆடியில் நின்று போகிறது. அதாவது 1878 ஜூலை, ஆகஸ்ட். கடை அடமானம் போனது பிப்ரவரி, மார்ச்சில். கடன் வந்து ஐந்து மாதம் வரை தம்பி கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறார். தம்பி ஓடியதால் கடன் வந்தது என்ற கதை தேதியிலேயே நிற்கவில்லை.

பங்காளி வீட்டில்

கார்டில் இருந்த விஷயம் நான்கே வரி. இந்த மாதம் முடியவில்லை, தையில் முழுவதும் சேர்ப்பித்து விடுகிறேன் என்ற பொருளில் இருந்தது. எதைச் சேர்ப்பிக்கிறார், யாரிடம் சேர்ப்பிக்கிறார் என்பதற்கு எங்கள் பெட்டியில் வேறு காகிதம் இல்லை. திண்டிவனத்துக்குப் போவதைத் தவிர வழி இல்லை.

இங்கே வாசகர்களுக்கு ஒரு முக்கியமான யோசனை. உறவினர் வீட்டில் போய் "பழைய பத்திரம் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். சொத்துக்கு வழக்குப் போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். நான் ஸ்கேனரையும் மகளின் லேப்டாப்பையும் எடுத்துப் போனேன். திண்டிவனத்துப் பெரியவர் எனக்குச் சித்தப்பா முறை. எண்பது வயதைத் தாண்டியவர். முதலில் எங்கள் வீட்டுப் பேரேடு, பத்திரம், கார்டு எல்லாவற்றையும் திரையில் அவருக்குக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். பிறகுதான் கேட்டேன்.

"உங்க காகிதம் உங்க வீட்டிலேயே இருக்கட்டும் சித்தப்பா. படம் மட்டும் எடுத்துக்கறேன். நீங்க பக்கத்திலேயே உட்காருங்க."

அவர் கார்டின் பிரிண்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டு வந்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு எங்கப்பாவுக்கே தெரியாதுப்பா. எறிய மனசு வரல" என்றார்.

அதில் ஓரணா ரசீது ஸ்டாம்ப் ஒட்டிய நான்கு ரசீதுகள் இருந்தன. நான்கும் அடமானம் பிடித்தவர் கொடுத்தவை. நான்கிலும் தம்பி மார்பத்து பணம் வரவு என்று எழுதியிருந்தது. அங்கேயே ஷீட்டில் ஏற்றினேன். வரிசைப்படுத்தியதும் திரையில் வந்தது இதுதான்:

1878 மாசி: அடமானம், ரூ. 150. (கெடார்)
1878 ஆடி: தம்பியின் கையெழுத்து சிட்டையில் நிற்கிறது. (கெடார்)
1881 மாசி: ரசீது, ரூ. 60. (திண்டிவனம்)
1883 மாசி: ரசீது, ரூ. 40. (திண்டிவனம்)
1885 மாசி: ரசீது, ரூ. 70. (திண்டிவனம்)
1885 மார்கழி: புதுச்சேரி கார்டு. (கெடார்)
1886 தை: ரசீது, ரூ. 113. அசலும் வட்டியும் தீர்ந்தது. (திண்டிவனம்)

மொத்தம் 283 ரூபாய். மீட்டது தம்பி. கார்டு எங்களிடம், ரசீது அவர்களிடம். இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்த வரியில் வந்தபோதுதான் பொருள் விளங்கியது. சித்தப்பா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கல்லாப் பணம் போனது பற்றியோ, அண்ணன் விரட்டியது பற்றியோ எந்தக் காகிதமும் பேசவில்லை. ஆனால் எட்டு வருடத்தில் கடையையும் வீட்டையும் மீட்டுக் கொடுத்தது யார் என்பதை நான்கு ரசீதுகளும் சொல்கின்றன. அந்த வீட்டில்தான் என் தாத்தா பிறந்தார். அடுத்து வந்த என் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனோம்.

வெளியே தேட வேண்டிய இடங்கள்

வீட்டுக் காகிதம் முடிந்த பிறகுதான் வெளியே தேட வேண்டும். கையில் ஒரு தேதியும் ஒரு பெயரும் இருந்தால் தேடல் பாதியாகக் குறையும்.

சார்பதிவாளர் அலுவலகம்: அசையாச் சொத்துப் பத்திரங்கள் "புத்தகம் 1" என்ற பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும். 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி, கட்டணம் செலுத்தி யாரும் அதைப் பார்வையிடலாம், நகலும் பெறலாம். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்க விவரம் பார்க்கலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரத்துக்கு நேரில் மனுக் கொடுத்துத் தேடுவதே வழி.

நிலப் பதிவேடுகள்: பட்டா, அ-பதிவேடு விவரங்கள் தமிழக அரசின் இணையதளத்தில் கிடைக்கின்றன. பழைய சர்வே எண்ணும் இன்றைய எண்ணும் வேறாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஊரைத் தேடும்போது பழைய மாவட்டப் பெயரைப் பயன்படுத்தவும். விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993 செப்டம்பர் 30-ல். அதற்கு முன் எல்லாம் தென்னாற்காடு ஜில்லாதான்.

தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர்: 1909 முதல் இயங்குகிறது. மாகாண அரசின் வருவாய்த் துறை ஆவணங்கள் இங்கே உள்ளன.

பழைய நூல்கள்: கார்ஸ்டின் எழுதிய தென்னாற்காடு மாவட்டக் கையேடு 1878-லும், பிரான்சிஸ் எழுதிய கெஜட்டியர் 1906-லும் வெளிவந்தன. இரண்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் தாத்தாவின் பெயர் இவற்றில் இருக்காது. ஆனால் அவர் காலத்துச் சந்தை, பயிர், பஞ்சம் எல்லாம் இருக்கும்.

புதுச்சேரி: பிரெஞ்சுப் பகுதியில் வாழ்ந்தவர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் நகரில் உள்ள ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தில், தமிழ்நாட்டு வீடுகளில் இருந்த 1650 முதல் 1950 வரையிலான ஓலைகளையும் பத்திரங்களையும் டிஜிட்டல் படமாக்கியது. மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டுப் படம் மட்டும் எடுப்பதுதான் இத்தகைய திட்டங்களின் முறை. நாம் வீட்டில் செய்வதும் அதையேதான்.

கப்பலேறியவர்கள்: முன்னோர் வெளிநாடு போனதாகச் சொல்லும் குடும்பங்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்கள் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டுள்ளன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1871 முதலே கணக்கெடுப்பு நடந்தாலும், நமக்குக் கிடைப்பது ஊர்த் தொகைகள்தான்; வீட்டுவாரிப் பெயர்ப் பட்டியல் கிடைக்காது.

முடிக்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது பேக்கப். எல்லாப் பைல்களையும் குறைந்தது மூன்று இடங்களில் வையுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒன்று. எங்கள் போல்டரின் மூன்றாவது காப்பி திண்டிவனத்தில் சித்தப்பா வீட்டுப் பீரோவில், ஒரு பென் டிரைவில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்த்து, பைல்கள் சரியாக உள்ளனவா எனச் சோதிக்கவும்.

இரண்டாவது, பேரேட்டில் இருக்கும் மற்றவர்களின் பெயர்கள். தாது வருஷத்தில் அரைப்படி உப்புக்குக் கடன் வைத்தவரின் பேரன் பேத்திகள் இன்றும் அதே தெருவில் இருக்கலாம். அந்தப் பக்கங்களை இணையத்தில் போடாதீர்கள். உங்கள் முன்னோரின் கணக்கைச் சொல்ல மற்றவரின் கடனைச் சொல்ல வேண்டியது இல்லை. எங்கள் ஷீட்டில் கடன்காரர் பெயர் நெடுவரிசையை ஹைட் கட்டளை கொடுத்து மறைத்து, அதன் பிறகுதான் பிரிண்ட் எடுத்தேன். ஷீட்டை பைலாகவே மற்றவருக்கு அனுப்புவதானால் ஹைட் போதாது. காப்பி எடுத்து, அந்த நெடுவரிசையை நீக்கிவிட்டு அனுப்பவும்.

இந்த வாரக் கடைசியில் பரணைப் பாருங்கள். முதல் நாள் பத்துக் காகிதம் போதும். இரு பக்கமும் ஸ்கேன் செய்து, பெயர் சூட்டி, ஷீட்டில் பத்து வரி ஏற்றுங்கள். பதினோராவது காகிதம் உங்கள் வீட்டில் இல்லாவிட்டால், எந்தப் பங்காளி வீட்டில் இருக்கும் என்று யோசியுங்கள்.